பூ ஓடிய எழுபத்தோரு கெஜம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது எர்லின் கில்லரி அம்மாளின் கதை. லூசியானாவில், ஓப்பலூசஸ் ஊரில், நான் மருந்து எடுத்துக் கொடுக்கும் கடையில் பதினோரு வருஷமாக என் இடப்பக்கம் நின்று பில் போடுகிறவர். இரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, அவர்கள் அழுத்தத்தை ஏற்றி அனுப்புவார். நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நூற்றியோராவது தடவை சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் ஷா, உன் பாஷையில ஏதோ சுருட்டிச் சுருட்டி எழுதிக்கிட்டே இருக்கியே. எங்க பையனைப் பத்தி ஒண்ணு எழுதக் கூடாதா?"

('ஷா' என்பது இங்கே எல்லாரும் எல்லாரையும் கூப்பிடும் சொல். 'கண்ணு' என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ்காரர் அபராதச் சீட்டு எழுதும்போதும் ஷா என்று சொல்லித்தான் கிழித்துக் கொடுப்பார்.)

உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

[அந்த ஞாயிறு மதியம் மைதானத்தின் மேல் மேகங்கள் கறுத்துத் திரண்டு, நடக்கப்போகும் ஒரு பெரிய சம்பவத்துக்கு]

அடித்துவிட்டேன். அந்த மைதானத்துக்குக் கூரை உண்டு. மேகம் உள்ளே வர முடியாது.

இரண்டாவது:

[ரெமி கில்லரி பிறக்கும்போதே பதினோரு பவுண்டு இருந்தான். பிரசவம் பார்த்த டாக்டர்]

இதை எர்லினுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "அந்த நாளை எனக்கு ஞாபகப்படுத்தாத. எடு அதை," என்றார். எடுத்துவிட்டேன். ஆனால் பதினோரு பவுண்டு உண்மை.

மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதுவும் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. இனித் திரும்பிப்போக நேரமில்லை.

2

ரெமிக்கு வீட்டில் ஒரு செல்லப் பெயர். அந்த ஊர்க்காரர்கள் அதைச் சொல்லும்போது முதல் எழுத்தை உதட்டில் கொஞ்சம் அழுத்துவார்கள். தமிழில் அந்த அழுத்தத்துக்குத் தனி எழுத்து கிடையாது. ஆகவே அதைத் தமிழில் எழுதினால் வருவது இதுதான்: பூ.

இதில் என் கைவேலை எதுவுமில்லை என்று சத்தியம் செய்கிறேன். ஆறடி மூன்றங்குலம், நூற்று நாற்பத்தைந்து கிலோ, கழுத்து என்று தனியாக ஏதும் இல்லாத ஒரு ஆளுக்குப் பூ என்று பெயர் வைக்கும் தைரியம் எனக்கு வராது. மொழி தானாகக் கொடுத்தது. வாங்கிக்கொண்டேன்.

இனி அவன் உத்தியோகம். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பக்கம் பதினோரு பேர் பந்தை முன்னே கொண்டுபோகப் பார்ப்பார்கள். மறுபக்கம் பதினோரு பேர் விடமாட்டார்கள். பூ, விடாத பக்கம். அதிலும் நட்டநடுவில் நிற்கிறவன். எதிரணியின் தடியர்கள் இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் கிடக்க வேண்டும். அந்த இடைவெளியில் பின்னாலிருந்து ஒல்லியான ஒருவன் ஓடிப்போய்ப் பேர் வாங்கிக்கொண்டு வருவான். கல்யாண வீட்டில் பந்தலைத் தாங்கும் கால் மாதிரி. போட்டோவில் அதை யார் பார்க்கிறார்கள்?

ஒன்பது வயதுக்குப் பிறகு பூ எந்த ஆட்டத்திலும் பந்தைக் கையால் பிடித்ததில்லை. அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. கதாசிரியனுக்கு இது பெரிய தொந்தரவு என்பதை அடுத்த பகுதியில் பார்ப்பீர்கள்.

3

கல்லூரி முடித்த வருஷம், தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பெயர் வாசிக்கும் மூன்று நாளும் எர்லின் வீட்டு முற்றத்தில் அண்டா கொதித்தது. கிராஃபிஷ் என்ற ஆற்று இறால், சோளம், உருளைக்கிழங்கு. முப்பது பேர் டிவியைச் சுற்றி. முதல் நாள் அவன் பெயர் வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசிப் பெயரையும் வாசித்து முடித்துவிட்டார்கள்.

"நாளைக்கும் வாசிப்பாங்களா?" என்று கேட்டார் ஒரு மாமா.

"இல்ல, இன்னியோட சரி," என்றான் பூ.

"அப்ப அண்டாவைக் காலி பண்ணிடுவோம்," என்றார் மாமா. காலி பண்ணினார்கள். பூவும் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அதன்பிறகு பாலைவன நகரம் ஒன்றிலிருந்து சும்மா வந்து ஆடிப் பார்க்கச் சொல்லி அழைப்பு வந்தது. போனான். ஆகஸ்டில் அனுப்பிவிட்டார்கள். கிழக்கே ஒரு நகரம். அங்கேயும் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக வடக்கே, ஏரிக்கரையில் ஒரு அணி. (பெயர் சொல்லமாட்டேன். வடக்கே ஏரிகள் நிறைய.) அங்கே பயிற்சிப் பட்டியலில் வைத்துக்கொண்டார்கள். வாரநாளெல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள் முட்டிப் பழக இவன் நெஞ்சைக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் ஆடும்போது இவன் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று மேல்மாடியில் முடிவாகும்.

இந்த இடத்தில் கதாநாயகனுக்கு ஆழமான ஒரு காயம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போன் போட்டேன்.

"பூ, உன் மனசுல பெரிய காயம்னா எதைச் சொல்லுவ?"

"மனசுலயா, மிஸ்டர் கதிர்? எனக்கு இடது முட்டியிலதான் இருக்கு."

"அது இல்லப்பா. ரெண்டு தடவை உன்னை வெளியே அனுப்பினாங்களே. அப்ப எப்படி இருந்துச்சு?"

யோசித்தான். "முதல் தடவை அழுதேன். ரெண்டாவது தடவை ஏர்போர்ட்ல ஒரு பெரிய சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டுட்டு அழுதேன். அது கொஞ்சம் பரவாயில்லாம இருந்துச்சு."

இந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இரண்டு வாரம் கதையை மூடி வைத்தேன். பிறகு அந்தச் சாண்ட்விச் என்னை விடவில்லை. திறந்தேன்.

4

இனிமேல் கதை நேராகப் போகும். (முயற்சி செய்கிறேன்.)

அக்டோபர் மாதம். ஏரிக்கரை அணியில் நடுவில் நிற்கும் இரண்டு பேருக்கு ஒரே வாரத்தில் அடிபட்டது. வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஸ்ட்ரவுட் என்ற கோச் பூவைக் கூப்பிட்டார். பேச்சைச் சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

"ஞாயித்துக்கிழமை நீ ஆடற. செவ்வாய்க்கிழமை ரெண்டு பேர்ல ஒருத்தன் குணமாகித் திரும்பி வர்றான். இடம் ஒண்ணுதான் இருக்கு. உனக்கா அவனுக்கான்னு மேல கேப்பாங்க. நான் சொல்றதுக்கு எனக்கு ஏதாவது வேணும். குடு."

"என்ன குடுக்கணும், கோச்?"

"அதுவும் நானேவா சொல்லணும்?"

பூ அம்மாவுக்குப் போன் செய்தான். எர்லின் ஒரு தாளையும் பேனாவையும் தேடி எடுத்தார். பிறகு, "சட்டையில என்ன நம்பர்?" என்றார்.

"தொண்ணூத்தாறு."

"சாப்டியா?"

"சாப்டேன்."

"இன்னொரு தடவை சாப்பிடு," என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் ஆட்டம். பூவுக்கு நேர் எதிரே, எதிரணியின் நடுவில் குனிந்து நின்றவர் ஹாலரன் என்ற நரைத்த தாடிக்காரர். பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது அவர் வேலை. பன்னிரண்டு வருஷ அனுபவம். முட்டிக்கொள்வதற்கு நடுவே பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"லூசியானா."

"பூடான் கொண்டு வந்தியா?"

அது குடலுக்குள் அரிசியும் இறைச்சியும் அடைத்து வேகவைக்கும் எங்கள் ஊர்ச் சமாச்சாரம். "ரூம்ல இருக்கு," என்றான் பூ. உண்மையாகவே இருந்தது.

"ஆட்டம் முடிஞ்சதும் பேசுவோம்," என்று சொல்லிவிட்டு ஹாலரன் அவனைத் தூக்கிக் கீழே போட்டார்.

மூன்றாம் கால்பகுதி வரை இதேதான். பூ முட்டினான், விழுந்தான், எழுந்தான். ஸ்ட்ரவுட் மேல்மாடியில் எடுத்துச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஏரிக்கரை அணி மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. நூறு கெஜ மைதானத்தில் எதிரணி இன்னும் இருபத்தொன்பது கெஜம் போய்க் கோட்டைத் தாண்டினால் மேலும் ஏறிவிடும்.

5

இந்தப் பகுதியை ஏழு தடவை எழுதினேன்.

[ஹாலரனின் விரல்கள் பந்தின் மேல் வெளுத்தன. பூ அதைக் கண்டான். காலம் உறைந்து]

காலம் எங்கே உறைந்தது? எல்லாம் தடபுடலென்று நடந்தது. விரல் வெளுத்ததைப் பார்த்து, 'இதோ இப்போது' என்று பூ பாய்ந்தான். ஹாலரனை நெஞ்சில் முட்டி இரண்டடி பின்னுக்குத் தள்ளினான். அவர்களுடைய பந்து எறிகிறவன் கையை ஓங்கி எறிந்தான். பூவுக்குப் பக்கத்தில் ஆடும் கோர்ட்லண்ட் எம்பி நீட்டிய கையில் பந்து பட்டு நேரே மேலே போயிற்று. பூ அண்ணாந்து பார்த்தான். அது இறங்கியது. அவன் கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"தெரியாத ஒருத்தர் பச்சைக் குழந்தையைக் கையில குடுத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு," என்று பின்னால் என்னிடம் சொன்னான். யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று சுற்றிலும் பார்த்தான்.

"கோர்ட், இந்தா."

"எங்கிட்ட ஏன்டா நீட்டற? ஓடு."

"எங்க?"

"அந்தப் பக்கம்டா."

ஓடினான்.

[மதம் பிடித்த யானையைப் போல]

அடித்துவிட்டேன். யானை அழகாக ஓடும். சாமான் ஏற்றிய மினி லாரி சரிவில் பிரேக் இல்லாமல் இறங்குகிற மாதிரி என்று மாற்றினேன். பூவிடம் படித்துக் காட்டினேன். "லாரி வேணாம், மிஸ்டர் கதிர். நான் வேகமாத்தான் ஓடினேன்," என்றான். ஆகவே பதிவு செய்துகொள்ளுங்கள்: பூ வேகமாக ஓடினான்.

முதல் பத்து கெஜம் மைதானத்தில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. இருபதாவது கெஜத்தில் அறுபதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். நாற்பதில் கால்சட்டை இறங்க ஆரம்பித்தது. வலது கையில் பந்து, இடது கையில் கால்சட்டை. கோர்ட்லண்ட் பக்கத்திலேயே ஓடிவந்து, "ரெண்டையும் விடாத, ரெண்டையும் விடாத," என்று கத்திக்கொண்டிருந்தான். எதிரணியின் பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அதே நேரம் ஓப்பலூசஸில், இருமல் மருந்து அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த டிவிக்கு முன்னால் எர்லின் கல்லாவை விட்டுவிட்டு வந்து நின்றார். மூட்டுவலி மருந்துக்கு வந்திருந்த முதியவர் தியோஃபில் ஊன்றுகோலைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றினார். அது பல்பொடிப் பெட்டிகள் அடுக்கியிருந்த தட்டைச் சாய்த்தது. நான் யாருக்கோ எண்ணிக்கொண்டிருந்த தொண்ணூறு மாத்திரைகளும் தரையில் உருண்டன. எர்லின் எதுவும் கத்தவில்லை. "போ பூ, போ பூ, போ பூ," என்று ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே நின்ற இடத்தில் தானும் ஓடினார்.

கடைசிப் பத்து கெஜத்தில் எதிரணியின் ஒல்லிப் பையன் ஒருவன் பின்னாலிருந்து எட்டிப் பூவின் முதுகில் தாவினான். எண்பது கிலோ இருப்பான். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கினான். பூவுக்கு அது உறைக்கவேயில்லை. அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய், எல்லைக்கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தான்.

6

இனி நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

டிவித் திரையின் அடியில், பூ ஓட ஆரம்பித்த மூன்றாவது நொடியிலேயே, மஞ்சள் பட்டையில் ஒரு சின்னச் சொல் வந்தது. தவறு நடந்திருக்கிறது, நடுவர் கொடி வீசிவிட்டார் என்பதற்கான அறிவிப்பு. எர்லின் கண்ணில் அது படவில்லை. தியோஃபில் ஊன்றுகோலைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன். மைதானத்தில் பந்து எறிந்தவனும் பார்த்திருந்தான். அதனால்தான் அவன் துரத்தாமல் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

நான் சொல்லவில்லை. மீதி ஒன்பது நொடியும் அதைப் பற்றி வாயைத் திறக்காமல் எர்லினோடு சேர்ந்து "போ பூ" சொன்னேன். மேலே உங்களிடமும் சொல்லவில்லை. கேட்டால், மறந்துவிட்டது என்பேன்.

பூ முகத்தைப் புல்லில் வைத்துக் கிடந்தான். மேலே அவன் அணிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் விழுந்து கிடந்தார்கள். எழுந்து டான்ஸ் ஆடச் சொன்னார்கள். மூச்சு வாங்கியதில் அவனுக்குச் சிரிக்க மட்டும்தான் முடிந்தது. அப்போதுதான் ஒலிபெருக்கியில் நடுவர் பேசினார். பந்து அசையுமுன் கோட்டைத் தாண்டியது. தற்காப்பு அணி. எண் தொண்ணூற்றாறு.

"தொண்ணூத்தாறு யாரு?" என்றான் பூ, கீழே கிடந்தபடியே.

"நீதான்டா," என்றான் கோர்ட்லண்ட்.

ஆட்டக் குறிப்பில் அந்த ஓட்டம் இல்லை. ஒரு கெஜம்கூட இல்லை. விதிப்படி அது நடக்கவேயில்லை.

(எர்லின் இன்றுவரை தவறு செய்தது தொண்ணூற்றெட்டு என்றே சொல்கிறார். அது கோர்ட்லண்டின் எண். நான் அந்தக் காட்சியை இருபது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அரைக் கை அளவு முந்தியது பூதான். எர்லினிடம் இதைச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.)

7

இதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதில் மூன்று வடிவங்கள் இருக்கின்றன.

என் வடிவம்: பூ எழுபத்தோரு கெஜமும் திரும்பி நடந்துவந்து, மூச்சிரைக்க அதே இடத்தில் குனிந்து, அடுத்த மோதலிலேயே எதிரணியைத் தனியாளாக மறித்து

எர்லினின் வடிவம்: அவன் நேரே நடுவரிடம் போய், "எங்க அம்மா பாத்துக்கிட்டிருக்காங்க," என்று சொன்னான். நடுவர் கண் கலங்கி

பூவின் வடிவம்: "வெளியே போய் வாந்தி எடுத்தேன், மிஸ்டர் கதிர்."

மூன்றாவதுதான் உண்மை. ஆனால் அதற்கு முன்னால் திரும்பி நடந்த நடை ஒன்று இருக்கிறது. போகும்போது பன்னிரண்டு நொடி. வரும்போது முடிவே இல்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஹாலரன் பாதி தூரம் எதிரே வந்து கூட நடந்தார்.

"என் கையில இருந்தா அந்த ஓட்டத்தை உனக்கே குடுத்திருப்பேன் தம்பி."

"பரவாயில்ல சார்."

"பன்னெண்டு வருஷமா ஆடறேன். பந்தைப் பின்னால குடுக்கறதோட சரி, கையில வச்சுக்கிட்டு ஒரு நாளும் ஓடினதில்ல. எப்படி இருந்துச்சு?"

பூ யோசித்தான். "சின்னதா இருந்துச்சு," என்றான்.

ஹாலரன் சிரித்த சிரிப்பில் அவரும் நின்று முட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பத்து நிமிஷம் பிராணவாயு முகமூடியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, பூ கடைசிக் கால்பகுதியில் மறுபடி இறங்கினான். இரண்டு தடவை எதிரணியை நடுவில் மடக்கினான். அணி தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பூடான் ஹாலரன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கடையில் எர்லின் ஒரு நிமிஷம் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கல்லாவுக்குத் திரும்பி, வரிசையில் நின்றவரிடம், "பாத்தியா ஷா, என் பையன் ஓடினதை?" என்றார். நடக்கவில்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிவில்லை. பிறகு நானும் எர்லினும் முட்டி போட்டு மாத்திரைகளைப் பொறுக்கினோம்.

8

திங்கட்கிழமை அணி முழுவதும் உட்கார்ந்து ஆட்டத்தைப் படமாகப் பார்ப்பது வழக்கம். ஸ்ட்ரவுட் அந்த இடத்தைப் போட்டார். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. நான்கு தடவை போட்டார். நான்கு தடவையும் சிரித்தார்கள். பூவும் சிரித்தான். வேறென்ன செய்வது? மறுநாள் செவ்வாய்க்கிழமை என்பது அவனுக்கு மட்டும் மறக்கவில்லை.

ஐந்தாவது தடவை ஸ்ட்ரவுட் ஓட்டம் தொடங்குமுன் படத்தை நிறுத்தினார். ஹாலரன் நெஞ்சில் பூ முட்டிய இடம்.

"சிரிச்சது போதும். இந்த ஆளைப் பன்னெண்டு வருஷத்துல யாராவது ரெண்டடி நகத்தியிருக்கீங்களா?"

ஸ்ட்ரவுட் திரைக்குப் போய் அந்த இரண்டடியை விரலால் அளந்து காட்டினார்.

"அரைக் கை முந்திட்டான், தப்புதான். அதை நான் சரி பண்ணிக்கலாம். ரெண்டடி தள்ளுறதை என்னால கத்துக்குடுக்க முடியாது." விளக்கைப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை பூவை மேல்மாடிக்குக் கூப்பிட்டு, இருக்கச் சொன்னார்கள். ஏழு வாரம் இருந்தான். டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள். ஏர்போர்ட்டில் சாண்ட்விச் சாப்பிட்டான். இந்த முறை அழவில்லை என்கிறான். நம்புகிறேன். இப்போது தெற்கே வேறொரு நகரத்தில், மறுபடி ஒரு பயிற்சிப் பட்டியலில் இருக்கிறான். வயது இருபத்தைந்து. செவ்வாய்க்கிழமைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். போன வாரம் முழுவதையும் மொழிபெயர்த்து அவனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான்.

"நல்லாருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"ஓடும்போது இருபது கெஜம் பாக்கி இருந்தப்ப ஒண்ணு நடந்துச்சு. அம்மாகிட்டகூடச் சொல்லல. தலையைத் தூக்கிப் பாத்தேன். மேல பெரிய திரையில என்னையே காட்டிட்டிருந்தாங்க. எனக்கு முன்னாடி ஒருத்தரும் இல்ல. வெறும் புல்லு. என் வேலையில எப்பவும் மூஞ்சிக்கு முன்னாடி ரெண்டு பேர் இருப்பாங்க, மிஸ்டர் கதிர். சின்ன வயசுலேருந்து அப்படித்தான். முன்னாடி ஒண்ணுமே இல்லாம இருந்தது அன்னிக்கு மட்டும்தான்."

"சரி பூ."

"கதையை அங்க நிறுத்திடுங்களேன்."

"அப்ப கொடி?"

"அது பின்னாடி கிடக்கட்டும். நான்தான் பாக்கலயே."

எழுத்தாளனிடம் பாத்திரம் கேட்டால் மறுக்கலாம். எர்லினின் மகன் கேட்டால் மறுக்க முடியாது. ஆகவே செவ்வாய்க்கிழமைகளை எடுத்துவிடுகிறேன். நடுவரையும் எடுத்துவிடுகிறேன்.

இருபது கெஜம் பாக்கி இருக்கிறது. வலது கையில் பந்து, இடது கையில் கால்சட்டை. அறுபதாயிரம் பேர் நிற்கிறார்கள். கோர்ட்லண்ட் ஏதோ கத்துகிறான், காதில் விழவில்லை. பூ தலையைத் தூக்கிப் பார்க்கிறான், சிரிக்கிறான், ஓடிக்கொண்டே இருக்கிறான். நான் பேனாவை வைத்துவிட்டேன். மீதியை நீங்கள்தான் ஓட்டிப் போக வேண்டும். கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள். அவனுக்கு மூச்சு வாங்குகிறது.